ஒத்துக்கொண்டவருக்கு எந்தக் கோர்ட்?

சத்... சத்... சத்...

குளியலறைக்குள்ளிருந்து ஈரத்துணியை ஓங்கி அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் தங்கையின் கணவர் எதிரே இருந்த வக்கீலம்மாவிடம் கேட்டார்:

"அப்ப இதுக்கு மேல எந்தக் கோர்ட்டுங்க மேடம்?"

"எந்தக் கோர்ட்டும் இல்ல சார்."

"இந்த ஊர்ல இல்லேங்கறீங்க."

"எந்த ஊர்லயும் இல்ல."

"தலைநகரத்துல?"

"அங்கயும் இல்ல சார். ரெண்டு பேரும் உக்காந்து பேசி, மனசார ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்து, அதை வெச்சு நுகர்வோர் கோர்ட் ஆர்டர் போட்டா, அந்த ஆர்டர் மேல அப்பீலே கிடையாது. சண்டை போட்டுத் தோத்திருந்தீங்கன்னா மேல போகலாம். நீங்க ஒத்துக்கிட்டு ஜெயிச்சிருக்கீங்க. ஜெயிச்சவருக்கு எதுக்கு சார் அப்பீல்?"

"ஒத்துக்கிட்டேன்தான், இல்லேங்கல," என்றார் அவர். "ஆனா ஒத்துக்கிட்ட மாதிரி ஒத்துக்கலையே!"

சத்! என்றது குளியலறை.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஓர் ஆள் இல்லை. அவர் ஓர் இனம். தலையாட்டிவிட்டுத் தாவா தொடுக்கும் இனம். உலகத்தின் எல்லா ஊர்களிலும், எல்லாத் தெருக்களிலும், அநேகமாக எல்லாப் படுக்கையறைகளிலும் இந்த இனம் நலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இவருக்கு 'அப்பீலார்' என்று பெயர். மாமனார், கொழுந்தனார் போல இதுவும் ஏதோ ஓர் உறவுமுறை என்றுதான் என் பிள்ளைகள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். நேரில் பார்த்தால் இவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. முடிவெட்டுகிறவர் வேலையை முடித்து, மேலே ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு, சின்னக் கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து, "போதுமா சார், இன்னும் கொஞ்சம் எடுக்கவா?" என்று கேட்கும்போது, அப்பீலார் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பி, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "அருமை, அருமை" என்பார்; எழுந்து, சட்டையை உதறி, முடிவெட்டுகிறவரின் பிள்ளைகள் படிப்பையெல்லாம் விசாரித்து, சிரித்த முகமாக வெளியே வருவார்; தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு இருக்கும். திரும்பியதும் கை தானாகப் பிடரிக்குப் போகும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வழக்கு பதிவாகிவிடும். "இந்தக் காது மேல ஒரு மாதிரி, அந்தக் காது மேல ஒரு மாதிரி. அவன் என்னைப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டிருக்கான்?" சாட்சி விசாரணை நாள்கணக்கில் நடக்கும். தீர்ப்பு வருவதற்குள் முடி வளர்ந்துவிடும். வழக்கு தள்ளுபடி. அடுத்த மாதம் அதே கடை, அதே நாற்காலி, அதே "அருமை, அருமை".

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இதேதான். பார்த்த மாத்திரத்தில் "எனக்குப் பூரண சம்மதம்" என்றார். என் அப்பாவும் சந்தோஷத்தில் உடனே "எங்களுக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்பாகப் போயிற்று. திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே மாப்பிள்ளை தன் தகப்பனாரிடம், "என்னப்பா, கேட்டதும் சரின்னுட்டாங்க? ஒரு தடவைகூட யோசிக்கலையே. ஏதாவது இருக்குமோ?" என்று ஆரம்பித்துவிட்டாராம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த 'ஏதாவது' என்னவென்று அவருக்கு அகப்படவில்லை. தேடுவதை நிறுத்தவும் இல்லை.

இந்த இனத்துக்கென்று சில வசனங்கள் உண்டு. "அவர் முகத்துக்காகச் சரின்னேன்." "அன்னைக்கு எனக்குத் தலைவலி." "சரின்னு சொன்னேன், முடிவா சொல்லல." இதில் மூன்றாவது வசனத்தை மறுத்துப் பேசிய மனிதப் பிறவி இதுவரை இல்லை. நீங்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யாரிடம் ஒத்துக்கொண்டாரோ அவரிடம் திரும்பப் போய்ப் பேசவே மாட்டார். எப்போதும் மேலேதான் போவார். தையல்காரர் சட்டைக் கையை இறுக்கமாகத் தைத்துவிட்டால் தையல்காரரிடம் போகமாட்டார். தையல்காரருக்குக் கடையை வாடகைக்கு விட்டவரிடம் போவார். என் தங்கைமேல் வருத்தம் என்றால் என்னிடம் வருவார். "மச்சான், உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?" என்று ஆரம்பிப்பார். இருபது வருஷமாக நான் சம்பளம் இல்லாத மேல்முறையீட்டு நீதிமன்றம். எனக்கு மேலே என் மனைவி இருக்கிறாள் என்பதை மட்டும் அவரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.

சரி, குளியலறைச் சத்தத்துக்கு வருவோம். அப்பீலார் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே அது நடக்கப் பழகிவிட்டது. துவைக்கும்போது சாதுவாக இருக்கும். பிழிய ஆரம்பித்ததும் உடம்பெல்லாம் உதற, சுவரைவிட்டுக் கிளம்பி, குழாயை இழுத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து நடக்கும். ஒரு நாள் அப்பீலார் குளித்துக்கொண்டிருக்கும்போது அது நடந்து போய்க் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே ஈரத்துண்டுடன் அவர். வெளியே மெஷின். நடுவே கதவு. என் தங்கை கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை அவர் அந்த மெஷினிடம் பேசிய பேச்சு பக்கத்து வீட்டாருக்கு வரி விடாமல் மனப்பாடம்.

கடைக்குப் போனார். கடைக்காரர், "மெஷின்ல ஒண்ணும் குறை இல்ல சார், உங்க வீட்டுத் தரை சரியில்ல" என்றார். "ஆமாங்க, தரை லேசா சாய்வுதான்" என்று தலையாட்டிவிட்டு வந்தார் நம் ஆள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ரத்தம் கொதித்தது. நேரே நுகர்வோர் கோர்ட்.

அதற்குள் மெஷின் நடப்பதையும் நிறுத்தி, ஓடுவதையும் நிறுத்தி, மூலையில் துணி போட்டு வைக்கும் மேஜையாக ஆகிவிட்டது. வழக்கோ தவழ்ந்து தவழ்ந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கோர்ட்டார் இரண்டு தரப்பையும் சமரசம் பேச ஓர் அறைக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவில். அப்பீலார் கேட்டதையெல்லாம் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். புது மெஷின், பெரிய ரகம். அவர்களே கொண்டுவந்து, தரையைச் சமன் பார்த்து மாட்டித் தர வேண்டும். பழையதை அவர்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தரையைக் குறை சொன்னதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைக்காரர் எழுந்து நின்று, "மன்னிச்சிருங்க சார்" என்றார். அப்பீலார் "அருமை, அருமை" என்று கையெழுத்துப் போட்டார். கோர்ட் அதையே ஆர்டராகப் போட்டது.

வெற்றி! படியில் இறங்கும்போது அவர் நெஞ்சு எப்படி நிமிர்ந்திருந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசிப் படியில்தான் விதி காத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். நெஞ்சு இறங்கியது.

"மச்சான், அவன் ஏன் சிரிச்சான்?"

"மரியாதைக்குச் சிரிச்சிருப்பாரு மாப்ள."

"தோத்தவன் கை குடுப்பானா? வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லச் சொல்லுவானா? நான் ஏதோ கம்மியா கேட்டுட்டேன் மச்சான். அவன் உள்ளுக்குள்ள வேற என்னமோ குடுக்கத் தயாரா இருந்திருக்கான். எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை. போன வாரம் புது மெஷின் வண்டியில் வந்து இறங்கியபோது, "மேல்முறையீடு நிலுவையில் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே நிலுவையில் இருக்கிறது என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. அவர் பயந்துவிட்டார்.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையாகவே முடிந்திருந்தால் நான் எழுதவும் வேண்டியதில்லை.

அந்த வீட்டின் உள்ளறையில் அப்பீலாரின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். பக்கவாதம். ஒரு பக்கம் வராது, பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி மட்டும் கண்ணாடி போல. பிள்ளை தகப்பனைக் கவனிப்பதில் நான் குறை சொல்லமாட்டேன். காலையில் முகம் மழித்துவிடுவார், பேப்பர் படித்துக் காட்டுவார், கை தாங்கி உட்கார வைத்து ஊட்டிவிடுவார். ஆனால் படுக்கை விரிப்புகள் தினமும் நனையும். தினமும் துவைக்க வேண்டும். மெஷின் படுத்ததும், "பாதி நான் துவைக்கறேன், பாதி நீ துவை" என்று அவர் மனசாரத்தான் ஒத்துக்கொண்டார். அதன்மேலும் அப்பீல் போயிற்று. இடுப்பு வலி என்ற காரணத்தின்பேரில் அனுமதிக்கப்பட்டது.

வக்கீலம்மா வருவதற்கு முன் நான் சமையலறைக்குப் போயிருந்தேன். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது.

"என்னம்மா இது கை?"

"கை கிடக்கட்டும் அண்ணா. மாமா தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கறாரு. மொதல்ல எனக்குப் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது. தண்ணி குடிச்சா விரிப்பு நனையுமாம். நனைஞ்சா நான் துவைக்கணுமாம்." அவள் குரல் உடைந்தது. உடனே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துச் சரி செய்துகொண்டாள். "இவரு இல்லாதப்ப டாக்டர் வந்து திட்டிட்டுப் போயிட்டாரு. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, இவர் கேட்டா வெயிலுன்னு சொல்லிச் சமாளிக்கறாரு. இவர்கிட்ட சொல்லாதேன்னு மாமா என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. சொன்னா, இவரு அதுக்கும் அந்தக் கடைக்காரர் மேல ஒரு கேஸ் போடுவாரு. அதுக்காகத்தான் வக்கீல் மேடத்தை நானே போன் பண்ணி வரச் சொன்னேன். இன்னைக்குத்தான் அந்த ஆர்டர்ல குடுத்த கெடு முடியுது. வண்டி மறுபடி வருது. இன்னைக்கும் திருப்பி அனுப்பிட்டாருன்னா, அவ்வளவுதான் அண்ணா."

இப்போது உங்களுக்கு விஷயம் தெரியும். ஒரு பெரியவரின் ஒரு டம்ளர் தண்ணீர், கடைசிப் படியில் ஒருவர் சிரித்த சிரிப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. நாற்காலியில் இருந்தவருக்கு மட்டும் அது தெரியாது. அவர் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்.

"சரி சார், ஒரு வழி சொல்றேன்," என்றார் வக்கீலம்மா. பொறுமைசாலி. "மிரட்டியோ ஏமாத்தியோ கையெழுத்து வாங்கினாங்கன்னா அது வேற கதை. அதுவும் மேல இல்ல, ஆர்டர் போட்ட இடத்துலயே போய்ச் சொல்லிப் பார்க்கணும். உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டல."

"பொய் சொல்லி ஏமாத்தினாங்களா?"

"பொய்யும் சொல்லல." அப்பீலார் குரலைத் தாழ்த்தினார். "டீ குடுத்தாங்க."

"டீயா?"

"அதுவும் நல்ல டீ மேடம். வெளிய அப்படி ஒரு வெயில். உள்ள ஃபேன். ஒரு மனுஷனை ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சு, நுரை ததும்ப டீயைக் குடுத்து, 'சரிதானே சார்'னு ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் கேட்டா, அவன் முடியாதுன்னு சொல்லுவானா? மனசு இளகிடாதா? பிஸ்கட் தட்டை வேற அந்தக் கடைக்காரரே என் பக்கம் தள்ளினாரு. இதை நீங்க கண்டிப்பா எழுதணும்."

"பிஸ்கட் தட்டைத் தள்ளினதையா?"

"எந்த நோக்கத்தோட தள்ளினாரு? அதைக் கேளுங்க."

"நீங்க எத்தனை சாப்பிட்டீங்க மாப்ள?" என்றேன் நான்.

"மச்சான், அது இந்த கேஸுக்குச் சம்பந்தமில்ல."

வக்கீலம்மா கைப்பையைத் திறந்து, மூடினார். "சார், நேராவே கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்? இதைவிடப் பெரிய மெஷினா?"

"அதைவிடப் பெருசு கதவுல நுழையாது."

"ரெண்டு மெஷினா?"

"ரெண்டு எதுக்கு மேடம்? ஆள் மூணு பேர்தானே."

"இன்னொரு தரம் மன்னிப்புக் கேக்கணுமா?"

"கேட்டுட்டாரே."

"பின்ன என்னதான் சார்?"

அப்பீலார் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு, ஒரு குழந்தை தன் வலியைச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னார்:

"அவர் அவ்வளவு ஈஸியா ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது மேடம்."

குளியலறைச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் தங்கை குளியலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் காதில் வாங்கிய விதம் இருக்கிறதே, பெரிய நீதிபதிகள் முக்கியமான சாட்சியத்தை அப்படித்தான் வாங்குவார்கள். முகத்தில் ஒன்றுமே தெரியாது.

சட்டம் படித்தவருக்கு எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை என்று தெரியும். கல்யாணம் பண்ணிக்கொண்டவளுக்கு எந்தக் கோர்ட்டில் இடம் இருக்கிறது என்று தெரியும். யோசித்துப் பாருங்கள், இரண்டில் எது பெரிய படிப்பு?

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"கேட்டு பூட்டியிருக்கு, நான் போய்த் திறந்துவிடறேன்," என்று அவள் இறங்கிப் போனாள்.

"திறந்துவிட்டா மட்டும் போதும். இறக்கச் சொல்லாதே!" என்று அப்பீலார் கத்தினார்.

நான் ஜன்னலோரமாகப் போய் நின்றேன். கீழே என் தங்கை கேட்டைத் திறந்தாள். மெஷின் கொண்டுவந்த ஆள் பெரிய மீசைக்காரர். போன வாரம் திருப்பி அனுப்பப்பட்டவர் இவரிடம் எல்லாம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, மாடியைப் பயத்துடன் ஒரு பார்வை பார்த்தார். தங்கை அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். மறுபடி சொன்னாள். அவர் "நானா?" என்பது போல நெஞ்சில் கை வைத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மீசைக்காரர் பதறிப்போய், சரி சரி என்று தலையாட்டினார்.

மெஷினைத் தூக்க இன்னோர் ஆளும் சேர்ந்து, தங்கை முன்னால் வந்து கூடத்தில் நின்றுகொள்ள, இருவரும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள். அப்பீலார் எழுந்து வாசலை மறித்து நின்றார்.

"உள்ள கொண்டுவரக் கூடாது. நான் ஆட்சேபத்தோட..."

மீசைக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், அது நீங்கதானா?"

"எது?"

"எங்க முதலாளி பொழுதன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்காரே, அந்த சார்."

"என்ன சொல்றாரு?"

"விடுங்க சார். அவர் பாடு அவருக்கு."

"அட, சொல்லுய்யா!"

மீசைக்காரர் ஓரக்கண்ணால் என் தங்கையைப் பார்த்தார். அவள் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரை, வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு கோர்ட்டுல இருந்து வந்தவரு சோறு தண்ணி இல்லாம உக்காந்துட்டாரு சார்."

அப்பீலாரின் கை கதவிலிருந்து இறங்கியது.

"ஆனா... என்கிட்ட சிரிச்சாரே?"

"உங்க முன்னாடி அழ முடியுங்களா சார்?"

"அழுதாரா?"

"கண்ணு கலங்கிச்சு."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்தான் சார்."

வக்கீலம்மா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு இருமல் மாதிரி இருந்தது.

"என்ன சொன்னாரு? அவர் வாயால என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"'இத்தனை வருஷமா கடை நடத்தறேன், இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. என்னைப் பேசவே விடாம எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. மனுஷன் சாதாரண ஆள் இல்ல'ன்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"சத்தியமா சார்."

வாசகர்களே, தாமரை மலர்வதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அப்பீலாரின் முகத்தைப் பார்த்தேன். முதலில் நெற்றிச் சுருக்கம் போயிற்று. பிறகு தோள் நிமிர்ந்தது. பிறகு, கோர்ட் படியில் இழந்த அந்த நெஞ்சு, அளவு குறையாமல் திரும்பி வந்தது. "உள்ள கொண்டுவாங்கப்பா, வெயில்ல ஏன் நிக்கறீங்க?" என்று அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். இடுப்பு வலி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

மீசைக்காரர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டார். மட்டப்பலகை வைத்துத் தரையைச் சமன் பார்த்தார்கள், கால்களைத் திருகினார்கள், குழாய் மாட்டினார்கள். மேஜையாக இருந்த பழைய மெஷின் கீழே வண்டிக்குப் போயிற்று. என் தங்கை ஊறிக்கிடந்த விரிப்புகளைப் பிழிந்து எடுத்துப் போய்ப் புது மெஷினில் போட்டாள். அது நின்ற இடத்தில் நின்று, கிணுகிணுவென்று பதவிசாகச் சுற்ற ஆரம்பித்தது. பிறகு அவள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"மாமா, கேக்குதா? புது மெஷின்."

பெரியவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். வாயைத் திறந்தார். ஒரு டம்ளர் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் என்று கண்ணால் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூசி ஏதோ கண்ணில் விழுந்துவிட்டது.

இங்கே கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விடாதவர் மீசைக்காரர். நடிப்பில் ருசி கண்ட மனிதருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. கூடத்தில் அவர் குரல் கேட்டது.

"...கல்லாவுல உக்காரவே பிடிக்கலைங்கறாரு சார். தூங்கறதில்லையாம். கடையை மூடிட்டு எங்கயாவது போயிடலாமான்னு இருக்குங்கறாரு."

என் தங்கை உள்ளறையிலிருந்து பலமாக இருமினாள். பிரயோஜனமில்லை.

"மூடறாரா?" என்றது அப்பீலாரின் குரல். அதில் ஒரு நடுக்கம். "குடும்பம் இருக்கா அவருக்கு?"

"மூணு பொண்ணுங்க சார்."

"ஐயோ."

இந்த 'ஐயோ'வைக் கேட்டதும் நான் கூடத்துக்கு ஓடினேன். அப்பீலார் நாற்காலியில் இல்லை. மீசைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. இரண்டும்தான்.

"மேடம்," என்று வக்கீலம்மாவைக் கூப்பிட்டார். "நான் கொஞ்சம் கடுமையா போயிட்டேனோ? அவர் சார்பா நாம ஏதாவது... இதுக்கு எந்தக் கோர்ட்டு மேடம்?"

வக்கீலம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியோடு நாற்காலியாக உறைந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலிருந்து இதுவரை "ஆமா, ஆமா, இப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தீர்களே, புத்தகத்தை மூடிவைத்து, விளக்கை அணைத்து, புரண்டு படுத்த பிறகு, "அந்த ஆள் சொன்னது அவ்வளவு சரியில்லையே" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்காது என்று என்ன நிச்சயம்? கேட்டால் பதறாதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பி அபிப்பிராயம் கேட்காமல் இருந்தால் சரி. அவருக்கு இது பல வருஷமாகத் தெரியும். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் அப்பீலார் மீசைக்காரரின் கையை இன்னும் விடவில்லை.

"முதலாளிகிட்ட சொல்லுப்பா, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைன்னு. மூணு பொண்ணுங்களைப் பெத்த மனுஷன்... நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? கேக்கறதுக்குத் தப்பில்லையே, வேணும்னா அந்தப் பழைய மெஷினையே ரிப்பேர் பண்ணி..."

என் தங்கை உள்ளேயிருந்து வந்த வேகத்தை நான் பார்க்கவில்லை. காற்று மட்டும் என்மேல் பட்டது. கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீசைக்காரரை விடுவித்தாள்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க கிளம்புங்க."

"அக்கா, நான் வேற ஏதாவது..."

"போதும்ங்க. ரொம்பவே போதும். பார்த்து இறங்குங்க."

மீசைக்காரர் இரண்டு இரண்டு படியாக இறங்கினார். அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.